உருளைக்கிழங்கின் தோலில் கழுவினாலும் போகாத கருப்பு, மூட்டையில் வந்த வெள்ளிப் படை: இதை விதைக்கு வைக்கலாமா?

கேள்வி
பதிவிட்டவர்: மலைமேல் உழவன் (பீஞ்சமந்தைப் பக்கம்)

அனைவருக்கும் வணக்கம். வேலூர் மாவட்டம் அணைக்கட்டு வட்டத்தில், ஜவ்வாது மலை மேல் எனக்கு நிலம் இருக்கிறது. காலங்காலமாகச் சாமையும் கேழ்வரகும் விளைந்த அந்த நிலத்தில் 60 சென்ட்டை ஒதுக்கி, சென்ற நவம்பர் முதல் வாரத்தில் முதன்முறையாக உருளைக்கிழங்கு நட்டேன். குஃப்ரி ஜோதி இரகம். கோலார் பக்கத்து வியாபாரி ஒருவர் பஞ்சாபிலிருந்து வந்த விதை என்று சொல்லிக் கொடுத்தார். மூட்டையில் சான்று அட்டை எதுவும் இல்லை. காட்டுப்பன்றி கிளறிவிடும் என்ற அச்சத்தில் ஒரு சாண் ஆழத்துக்கு இறக்கி நட்டேன். நட்ட பத்தாம் நாள் பிடித்த மழை ஒரு வாரம் விடவில்லை. முளைப்பு சீராக இல்லாமல் அங்கங்கே விட்டுவிட்டு வந்தது.

பிப்ரவரி முதல் வாரத்தில் கொடி காய்ந்துவிட்டது. அப்போது விலை படுத்துக் கிடந்ததால், மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு கெடாது என்று எண்ணி மார்ச் இரண்டாம் வாரம் வரை தோண்டாமல் விட்டேன். தோண்டியபோது 50 கிலோ மூட்டையில் 62 மூட்டை தேறியது. ஆனால் பாதிக்கு மேற்பட்ட கிழங்குகளின் தோலில், காய்ந்த சேற்றுத் துளி ஒட்டியதைப் போலக் கருப்புப் பொட்டுகள் இருந்தன. தண்ணீரில் தேய்த்துக் கழுவினாலும் அவை போகவில்லை. மண்டியில் மூட்டைக்கு 5 கிலோ கழிவு போட்டார்கள்.

48 மூட்டையைக் கொடுத்துவிட்டு, மீதி 14 மூட்டையை வீட்டை ஒட்டிய மண்சுவர் அறையில் அடுக்கினேன். ஓட்டுச் சந்து வழியாகச் சாரல் படாமல் இருக்க, மேலே தார்ப்பாய் போட்டு இறுக்கி மூடினேன். ஐந்து வாரம் கழித்துப் பிரித்துப் பார்த்தால், கருப்புப் பொட்டு இருந்தபடியே இருக்கிறது. அதோடு, தோண்டும்போது சுத்தமாக இருந்த பல கிழங்குகளில் வெளிர் சாம்பல் நிறத்தில் வட்ட வட்டமாகப் படை விழுந்திருக்கிறது. நனைத்துப் பார்த்தால் அது வெள்ளி போல மின்னுகிறது. சில கிழங்குகள் தோல் சுருங்கி எடை இழந்திருக்கின்றன. அறுத்துப் பார்த்தால் சதை வெள்ளையாகவே இருக்கிறது.

இது ஒரே நோயின் இரண்டு நிலைகளா, வெவ்வேறு நோய்களா? வீட்டில் சமைத்துச் சாப்பிடலாமா? இதில் நல்லதாகப் பொறுக்கி மூன்று மூட்டையை வரும் பட்டத்துக்கு விதையாக வைத்துக்கொள்ள நினைத்தேன், அது சரியா? நிலத்தில் சுண்ணாம்பு போட்டால் சரியாகிவிடும் என்று ஊரில் ஒருவர் சொல்கிறார், அதையும் கேட்டுக்கொள்கிறேன்.

மறுமொழி 1
பதிவிட்டவர்: மண்டித் தராசு (வேலூர்)

விதையைப் பற்றி எனக்குத் தெரியாது. விற்பனையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். வேலூர் சந்தைக்கு இப்படிக் கருப்புப் பொட்டு விழுந்த கிழங்கு வருவது புதிதல்ல. உணவகத்துக்கு எடுப்பவர்கள் தோல் சீவித்தான் போடுகிறார்கள் என்பதால் அதைப் பெரிதாகப் பொருட்படுத்த மாட்டார்கள். கடையில் கூறு கட்டி விற்பவர்கள்தாம் முகம் சுளிப்பார்கள். உங்களுக்குக் கழிவு போட்டது தோலின் தோற்றத்துக்காகத்தான்.

அந்த 14 மூட்டையை இனியும் வைத்திருக்க வேண்டாம். சுருங்க ஆரம்பித்த கிழங்கு நாளுக்கு நாள் எடையை இழக்கும். அதற்கு மேல் விலை ஏறினாலும் உங்கள் கைக்கு ஒன்றும் மிஞ்சாது. பொறுக்கித் தரம் பிரித்துக் கொண்டுவாருங்கள். ஆனால் பார்வைக்கு நன்றாக இருக்கட்டும் என்று கழுவி, ஈரத்தோடு மூட்டை பிடித்துவிடாதீர்கள். அப்படி இரவில் கழுவிக் கட்டிய ஒரு வண்டிச் சரக்கு, மறுநாள் காலை பிரித்தபோது நாற்றமடித்துக் கூழாகிப் போனதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

மறுமொழி 2
பதிவிட்டவர்: பழைய பண்ணை (பேரணாம்பட்டு)

1980-களில் என் தகப்பனார் வி.கோட்டா பக்கம் நிலம் குத்தகைக்கு எடுத்து உருளை போட்டார். அப்போதும் இந்தக் கருப்பு இருந்தது. பாதரசம் கலந்த விதைமருந்துத் தூள் ஒன்று கிடைக்கும். அதைத் தண்ணீரில் கரைத்து விதைக்கிழங்கை முக்கி எடுத்து நட்டால், அந்தப் பட்டத்தில் தோல் கண்ணாடி போல இருக்கும். இப்போது வரும் மருந்து எதிலும் அந்த வேகம் இல்லை. எங்காவது பழைய கடையில் கிடைத்தால் வாங்கிப் பயன்படுத்துங்கள் என்பதே என் யோசனை.

மறுமொழி 3
பதிவிட்டவர்: ஓய்வுபெற்ற தோட்டக்கலை அலுவலர் (காட்பாடி)

பேரணாம்பட்டு ஐயா சொல்லும் மருந்தை நானும் அறிவேன்; அது வேலை செய்தது என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் அது கிழங்கின் மேலிருந்த பூஞ்சையைக் கொன்றதோடு, கிழங்கை முக்கி எடுத்தவர் கையிலும், ஊற்றிய வாய்க்காலிலும் பாதரசத்தை விட்டுச் சென்றது. மெத்தாக்ஸி எத்தில் மெர்க்குரி குளோரைடு என்ற அந்த வகை மருந்தை மத்திய அரசு 2018-இல் முற்றாகத் தடை செய்துவிட்டது. பழைய கடையில் கிடைத்தாலும் தொடாதீர்கள்.

இனி உழவர் தம்பியின் கேள்விக்கு வருகிறேன். உங்கள் மூட்டையில் இருப்பவை இரண்டு வெவ்வேறு நோய்கள். ஒன்று நிலத்தில் வந்தது. மற்றொன்றின் வித்து (பூஞ்சை பரவ உதவும் நுண்துகள்) பெரும்பாலும் விதைக்கிழங்கோடு வந்திருக்கும் என்றாலும், அதை வளர்த்துவிட்டது உங்கள் தார்ப்பாய்.

கருப்புப் பொட்டைக் கரும்பொருக்கு என்று சொல்வோம். ரைசோக்டோனியா சொலானி என்ற பூஞ்சை, சாதகமில்லாத காலத்தைக் கடப்பதற்காக இறுகித் திரண்டு கிடக்கும் உருவம்தான் அந்தப் பொட்டு. அது தோலின் மேலேயே உட்கார்ந்திருக்கும், உள்ளே இறங்காது; எனவே நகத்தால் சுரண்டினால் பெயர்ந்து வரும், அடியில் தோல் முழுதாக இருக்கும். முதலில் இதைச் செய்து பாருங்கள். சுரண்டும்போது பொட்டு பெயராமல், தோலே வெடித்துத் தக்கை போலச் சொரசொரப்பாக இருந்தால் அது சொறி நோய். அதை உண்டாக்கும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் பூஞ்சையே அல்ல, ஒருவகைப் பாக்டீரியா; பூஞ்சைக்கொல்லி அதனிடம் பலிக்காது. ஊசிமுனை அளவுக் கரும்புள்ளிகள் நூற்றுக்கணக்கில் தூவியது போல இருந்து, உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்தால்தான் தெளிவாகத் தெரிகிறது என்றால், அது கொலட்டோட்ரைக்கம் என்ற வேறொரு பூஞ்சை. அது தக்காளி, மிளகாய், கத்தரியின் வேர்களிலும் வாழும். நீங்கள் சொல்லும் சேற்றுத் துளி போன்ற பொட்டு இவை இரண்டுமாகத் தோன்றவில்லை.

வெள்ளியாக மின்னும் படைக்கு வெள்ளிப்பொருக்கு என்று பெயர். ஹெல்மின்தோஸ்போரியம் சொலானி என்ற அந்தப் பூஞ்சை இலையிலோ தண்டிலோ எந்த அடையாளமும் காட்டாது. கிழங்கின் தோலை மட்டுமே பிடிக்கும். தோலின் மேலடுக்கு கீழடுக்கிலிருந்து பிரிந்து, இடையில் காற்று புகுவதால்தான் அந்த மினுமினுப்பு. அந்த இடத்தில் தோல் நீரைத் தாங்கி நிற்காது. அதனால்தான் உங்கள் கிழங்குகள் சுருங்கின. காற்றின் ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தாண்டி, தோலில் ஈரம் படிந்திருந்தால் அது கிடங்குக்குள்ளேயே வித்து விட்டு ஒரு கிழங்கிலிருந்து அடுத்ததற்குத் தாவும். கிழங்கும் மூச்சு விடும் பொருள்தான். வெப்பத்தையும் ஈரத்தையும் வெளியேற்றிக்கொண்டே இருக்கும். இறுக்கி மூடிய தார்ப்பாயின் அடியில் அந்த ஈரம் இரவுக் குளிரில் முத்து முத்தாகக் கோத்து, திரும்பவும் கிழங்கின் மேலேயே சொட்டியிருக்கும். சாரலுக்குப் பயந்து நீங்கள் உள்ளேயே மழையை உண்டாக்கிவிட்டீர்கள்.

கரும்பொருக்கு எப்படி மிகுந்தது என்பதற்கும் உங்கள் கேள்வியிலேயே விடை இருக்கிறது. விதையோடு வந்த பூஞ்சை, குளிர்ந்த ஈர மண்ணில், முளை வெளியே வருவதற்குள் அதைக் கடித்துவிடும். ஒரு சாண் ஆழத்தில் நட்டதால் முளை மண்ணுக்குள் இருந்த நாட்கள் கூடின. மழை மண்ணைக் குளிர வைத்தது. அதனால்தான் முளைப்பு விட்டுவிட்டு வந்தது. பிறகு, கொடி காய்ந்த பின் கிழங்கு மண்ணில் கிடந்த ஐந்து வாரம். கொடி செத்தவுடன் இந்தப் பூஞ்சை கிழங்கின் தோலில் பொட்டுக் கட்டத் தொடங்கும். நாள் ஆக ஆகப் பொட்டின் எண்ணிக்கையும் பருமனும் ஏறும். தோல் முற்றுவதற்கு இரண்டு வாரம், மிஞ்சினால் மூன்று வாரம் போதும். அதற்கு மேல் விட்டதெல்லாம் பூஞ்சைக்கு நீங்கள் கொடுத்த தவணை.

ஒன்று கேட்கிறேன். பயிர் நின்றபோது தரையை ஒட்டிய தண்டில் வெள்ளை மாவு பூசியது போல ஏதாவது இருந்ததா? இலைக்கக்கத்தில் பச்சையாகச் சிறு கிழங்குகள் தொங்கினவா?

சாப்பிடுவதைப் பொறுத்தவரை, இரண்டு நோய்களும் மனிதருக்குத் தீங்கு செய்பவை அல்ல. தோலைச் சற்று ஆழமாகச் சீவிவிட்டுச் சமைக்கலாம். ஆனால் வெளிச்சம் பட்டுப் பச்சையான கிழங்கு இருந்தால் அதை ஒதுக்கிவிடுங்கள். அது வேறு நஞ்சு.

சுண்ணாம்பு வேண்டாம். மண்ணின் கார அமில நிலை 5.2-ஐத் தாண்ட ஆரம்பித்தால் சொறி நோய்க்கு அது கொண்டாட்டம். உங்களிடம் இல்லாத மூன்றாவது நோயைக் காசு கொடுத்து வாங்குவதாக முடியும். மண்ணைப் பரிசோதிக்காமல் யார் சொன்னாலும் சுண்ணாம்பு போடாதீர்கள். மக்காத சாணத்தையும், பாதி மக்கிய வைக்கோலையும் உருளை நடும் பாரில் இடுவதும் அதேபோலத் தவறு; ரைசோக்டோனியா அவற்றைத் தின்றே பெருகும்.

மறுமொழி 4
பதிவிட்டவர்: தாளவாடிக் குத்தகை (சொந்த ஊர் குடியாத்தம்)

நான் குடியாத்தத்துக்காரன், எட்டு ஆண்டாகத் தாளவாடியில் குத்தகை நிலத்தில் உருளை போடுகிறேன். அலுவலர் ஐயா சொன்னதை ஒட்டி, கை வேலையைப் பற்றிச் சில சொல்கிறேன்.

கொடி தானாகக் காயட்டும் என்று நான் காத்திருப்பதில்லை. கிழங்கு தேவையான பருமன் வந்ததும் தண்ணீரை நிறுத்தி, கொடியைத் தரையோடு அறுத்து வெளியே எடுத்துவிடுவேன். பத்தாம் நாள் நாலைந்து இடத்தில் தோண்டிப் பார்ப்பேன். கட்டை விரலால் அழுத்தித் தள்ளினால் தோல் வழுக்கி உரியக் கூடாது. உரியவில்லை என்றால் அந்த வாரமே தோண்டிவிடுவேன். விலை இல்லை என்றாலும் தோண்டுவேன். விலைக்காக மண்ணில் விட்டுவைத்து, நானும் முதல் இரண்டு ஆண்டு உங்களைப் போலவே கருப்புத் தோலை அள்ளியிருக்கிறேன், அண்ணா.

தோண்டிய கிழங்கை உடனே மூட்டை கட்டுவதில்லை. மர நிழலில் இடுப்பு உயரத்துக்கு மேல் போகாமல் குவித்து, நெல் வைக்கோலால் மூடி, பத்துப் பதினைந்து நாள் விட்டால் மண்வெட்டிக் காயமும் தோல் உரிசலும் ஆறிவிடும். அந்தக் காயம் ஆறாமல் மூட்டைக்குள் போனால் பியூசேரியம் என்ற பூஞ்சை நுழைந்து, கிழங்கு வளையம் வளையமாகச் சுருங்கி உலர் அழுகலாகிவிடும். அந்த நோய், கரும்பொருக்கு போலத் தோலோடு நிற்காது. வைக்கோல் காற்றை விடும், ஈரத்தை உறிஞ்சும். தார்ப்பாய் இரண்டையும் செய்யாது. மழைக்குத் தார்ப்பாய் தேவை என்றால், நாலு கம்பு நட்டுக் குவியலுக்கு மேலே பந்தலாகக் கட்டுங்கள். குவியலின் மேல் போர்த்த வேண்டாம்.

நடும்போது மூன்று நான்கு விரல் ஆழத்துக்கு மேல் நான் போவதில்லை. முளை நன்றாக எழும்பிய பிறகு இரண்டு முறை மண் அணைத்துப் பாரை உயர்த்திக்கொள்ளலாம். பன்றிக்கு ஆழம் ஒரு தடையே இல்லை என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும். முளைவிட்ட முழுக்கிழங்காக, 40 முதல் 50 கிராம் எடையில் கிடைத்தால் வெட்டாமல் அப்படியே நடுவேன். வெட்டும் கத்தி ஒன்று போதும், ஒரு மூட்டை நோயைப் பத்து மூட்டைக்குப் பரப்பிவிடும்.

கேள்வி கேட்டவரின் பதில்
பதிவிட்டவர்: மலைமேல் உழவன்

எல்லோருக்கும் நன்றி. நேற்று ஒரு மூட்டையைக் கொட்டி, கண்ணை மூடிக்கொண்டு 100 கிழங்கு எடுத்துச் சுரண்டிப் பார்த்தோம். 57 கிழங்குகளில் கருப்பு இருந்தது. எல்லாம் நகத்தில் பெயர்ந்து வந்தன. நனைத்து வெயிலில் பிடித்தபோது 38 கிழங்குகள் மின்னின. இரண்டும் இல்லாதவை வெறும் 19.

ஐயா கேட்ட இரண்டும் உண்மை. டிசம்பர் கடைசியில் தண்டின் அடியில் வெள்ளையாகப் படிந்திருந்தது. நான் அதைச் சாம்பல் நோய் என்று நினைத்துக் கந்தகம் தெளித்தேன். இலைக்கக்கத்தில் நெல்லிக்காய் அளவில் பச்சைக் கிழங்குகள் வந்தன. பிள்ளைகள் அவற்றைப் பறித்து விளையாடினார்கள். செடி அதிகமாகக் காய்க்கிறது என்று நாங்கள் மகிழ்ந்தோம்.

அந்த 19-ஐப் போலச் சுத்தமானவற்றை மட்டும் பொறுக்கி விதையாக வைத்தால் என்ன? அல்லது ஊட்டியில் நல்ல விதை கிடைக்கும் என்கிறார்களே, அங்கிருந்து வாங்கி வரலாமா?

மறுமொழி 5
பதிவிட்டவர்: ஓய்வுபெற்ற தோட்டக்கலை அலுவலர் (காட்பாடி)

தண்டின் அடியில் நீங்கள் கண்ட வெள்ளை, அதே ரைசோக்டோனியாவின் மற்றொரு உருவம். துடைத்தால் போய்விடும், தண்டுக்குத் தீங்கும் செய்யாது; ஆனால் மண்ணுக்கடியில் தண்டு புண்ணாகி இருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். இலை தயாரித்த மாவுச்சத்து கீழே இறங்க வழியில்லாமல் போனதால்தான் மேலேயே கிழங்கு கட்டியது. உங்கள் கந்தகம் வீண்செலவு. வேறு கெடுதல் இல்லை.

அந்த 19-ஐ வைக்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிந்தாலும், படை விழுந்த 38-ஓடு ஐந்து வாரம் ஒரே தார்ப்பாயின் அடியில் கிடந்தவை அவை. தோலில் வெள்ளிப்பொருக்கின் வித்து தூவப்பட்டிருக்கும். இது மட்டுமல்ல: ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை ஏழு மாதம் விதைக்கிழங்கை மண்சுவர் அறையில் காப்பாற்ற முடியாது. அதற்கு 2 முதல் 4 டிகிரி செல்சியஸ் குளிர்பதனக் கிடங்கு வேண்டும். மூன்று மூட்டைக்குக் கிடங்கு வாடகையும் வண்டிச் செலவும் கொடுத்து, நோயைப் பத்திரமாகப் பாதுகாத்து, திரும்பவும் அதே நிலத்தில் நடுவதில் பொருளே இல்லை.

ஊட்டி விதையைப் பற்றிக் கேட்டது நல்லதாயிற்று. நீலகிரியில் உருளைக்கிழங்கைத் தாக்கும் முட்டைக்கூட்டு நூற்புழு 1961-இல் கண்டறியப்பட்டது. அதன் கூடுகள் கிழங்கில் ஒட்டிய மண்ணோடு பயணம் செய்து, செடியே இல்லாத நிலத்திலும் பல்லாண்டு உயிரோடு கிடக்கும். அதனால் நீலகிரிக் கிழங்கை விதைக்காக வெளியே கொண்டுசெல்லத் தடை இருக்கிறது. ஜவ்வாது மலைக்கு அந்தப் புழுவைக் கொண்டுவந்த முதல் ஆள் என்ற பெயர் உங்களுக்கு வேண்டாம். சான்று அட்டை கட்டிய விதையை, செப்டம்பரிலேயே சொல்லி வைத்து வாங்குங்கள். வாங்கும் நாளில் மூட்டைக்கு இருபது கிழங்கைக் கழுவி, நேற்றுச் செய்த அதே சோதனையைச் செய்த பிறகே பணத்தைக் கொடுங்கள்.

நடுவதற்கு முன் விதை நேர்த்தி செய்யுங்கள். கரும்பொருக்குக்கு என்றே பென்சிகியூரான், பென்ஃப்ளூஃபென் ஆகிய மருந்துகள் பதிவு பெற்றிருக்கின்றன. அளவையும் முறையையும் சீட்டில் உள்ளபடி பின்பற்றுங்கள், கடைக்காரர் கணக்கு வேண்டாம். மருந்து வேண்டாம் என்றால், 2.5 கிலோ டிரைக்கோடெர்மா விரிடியை 50 கிலோ நன்கு மக்கிய தொழு உரத்தில் கலந்து நிழலில் வைத்திருந்து இடலாம். இது ஒரு எக்டருக்கான அளவு, உங்கள் 60 சென்ட்டுக்கு இதில் கால் பங்கு போதும். டிரைக்கோடெர்மாவும் ஒரு பூஞ்சைதான் என்பதால், அதே கிழங்கில் பூஞ்சைக்கொல்லியையும் சேர்த்துப் பூசினால் நம் கையாலேயே அதைக் கொன்றவர்களாவோம். பின்னாளில் நீங்களே விதை எடுத்துக் குளிர்பதனத்தில் வைக்கும் நிலை வந்தால், கழுவிய கிழங்கை 100 லிட்டர் நீருக்கு 3 கிலோ போரிக் அமிலக் கரைசலில் அரை மணி நேரம் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி உள்ளே அனுப்பலாம். அப்படி நனைத்ததை எக்காரணம் கொண்டும் சமையலுக்கு எடுக்கக் கூடாது.

அதே 60 சென்ட்டில் அடுத்த மூன்று ஆண்டுகள் உருளை வேண்டாம். உங்கள் முன்னோர் விளைவித்த சாமையும் கேழ்வரகும் அங்கே திரும்பட்டும். தானியப் பயிரில் இந்த உருளைக்கிழங்கு இனத்து ரைசோக்டோனியாவுக்குப் பெரிதாக இரை கிடைக்காது. வரும் பட்டத்துக்கு வேறு துண்டு நிலத்தைப் பாருங்கள். தோண்டும்போது தவறவிட்ட கிழங்குகள் கோடை மழைக்கு முளைத்து வரும். அவற்றைப் பிடுங்கி எடுக்காமல் விட்டால் பயிர்ச்சுழற்சி பெயரளவில்தான் இருக்கும்.

மறுமொழி 6
பதிவிட்டவர்: மலைமேல் உழவன்

விதை எண்ணத்தைக் கைவிட்டேன், ஐயா. திங்கட்கிழமை 12 மூட்டை வேலூருக்கு இறங்குகிறது. சுருங்கியவற்றை மாட்டுக்குப் போடலாம் என்று பிரித்து வைத்திருக்கிறேன். காலிச் சாக்குகளை அடுத்த பட்டத்துக்கு வைத்துக்கொள்ளலாமா? விரிஞ்சிபுரம் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு முறை காட்டிவிட்டும் வரலாம் என்று நினைக்கிறேன். எதை எடுத்துச் செல்ல வேண்டும்?

மறுமொழி 7
பதிவிட்டவர்: ஓய்வுபெற்ற தோட்டக்கலை அலுவலர் (காட்பாடி)

அந்தச் சாக்கில் சாமை கட்டலாம், உருளை கட்ட வேண்டாம். அறையைப் பெருக்கி, மண்ணையும் தோலையும் எரித்துவிட்டு, சுவருக்குச் சுண்ணாம்பு அடியுங்கள். உங்கள் ஊர்க்காரர் சொன்ன சுண்ணாம்புக்கு அதுதான் சரியான இடம். மாட்டுக்குப் பச்சை நிறமேறிய கிழங்கையும் நீண்ட முளையையும் போடாதீர்கள்.

விரிஞ்சிபுரத்துக்கு, கருப்பு உள்ளது ஐந்து, வெள்ளி மின்னுவது ஐந்து, இரண்டும் இல்லாதது ஐந்து என்று தனித்தனியாகச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துச் செல்லுங்கள். கழுவ வேண்டாம், பிளாஸ்டிக் பையும் வேண்டாம். அதே வயலில் ஐந்தாறு இடத்திலிருந்து ஒரு சாண் ஆழ மண்ணை எடுத்துக் கலந்து அரைக் கிலோ தனியாக வைத்துக்கொள்ளுங்கள். வாரநாளில் காலையிலேயே போய்விடுவது நல்லது.